நாலு இருபது பஸ்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க சார், பை மேல கை படுது. ஒடையற சாமானெல்லாம் இல்ல, பேப்பர்தான். இருந்தாலும் கசங்கக் கூடாது பாருங்க.

டவுனுக்குத்தானே? நானும்தான். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பு. பதினோரு மணிக்கு அங்க ஒரு மண்டபத்துல பாராட்டு விழா. யாருக்குன்னு கேக்கறீங்களா? எனக்குத்தான் சார். ப்ளஸ் டூ ஹிஸ்டரியில தொடர்ந்து பத்து வருஷம் நூத்துக்கு நூறு பாஸ் காட்டின ஆசிரியர். மாவட்டத்துலயே ஒரே ஆளு. பத்து வருஷம் சார், ஒரு புள்ள கூட ஃபெயில் கெடையாது.

அப்படிப்பட்டவன் மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கெடக்குன்னு பாக்கறீங்க. தெரியுது. ஏறினதுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றீங்க. சொல்றேன். சொன்னப்பறம் என் மேல தப்பு இருக்கான்னு நீங்களே சொல்லுங்க. ஆனா ஸ்கூல் பேரு, ஊரு பேரு மட்டும் கேக்காதீங்க. நீங்க பாட்டுக்குப் பத்திரிகைக்காரரா இருந்துட்டா? என் பேரு தீர்த்தகிரி. அது போதும்.

எனக்குக் கோவமெல்லாம் ஒரே ஒரு ஆளு மேலதான். ஷகிலா பானு டீச்சர். எங்க ஸ்கூல்ல ஹிஸ்டரி டிபார்ட்மெண்டுன்னா நானும் அந்தம்மாவும், அவ்வளவுதான். நான் ப்ளஸ் டூ, அவங்க ப்ளஸ் ஒன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ரூமு. அதுல பாதி இடத்துல பி.டி. சாரோட கைப்பந்து நெட்டு கெடக்கும். ஒரு பீரோ, செவுத்துல ஒரு உலக மேப்பு. அந்த மேப்புல இன்னும் சோவியத் யூனியன் இருக்கு சார். மாத்தித் தாங்கன்னு எத்தனை தரம் எழுதிக் கேட்டாச்சு. கம்ப்யூட்டர் லேப்புன்னா ஓடி வருவாங்க, ஹிஸ்டரிக்கு எவன் குடுப்பான்?

சரியாச் சொன்னா, இந்தப் பாராட்டு எங்க டிபார்ட்மெண்டுக்கு. சர்டிபிகேட்ல ரெண்டு பேர் பேரும் வரணும். அந்தம்மா நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போயி, "லிஸ்டுலேர்ந்து என் பேரை அடிச்சிடுங்க சார்"னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அவங்க பேரை அவங்களே! ஆறு வருஷமா ஒரே டிபன் பாக்ஸுல கை போட்டவங்க சார் நாங்க. ரம்ஜானுக்கு அவங்க வீட்டுலேர்ந்து மொத டப்பா எனக்குத்தான் வரும். இப்ப ரெண்டு மாசமாப் பேச்சே இல்ல. குட் மார்னிங் டீச்சர்னு சொன்னா சோவியத் யூனியனைப் பாக்கறாங்க.

எல்லாம் ஒரு பொண்ணால வந்த வினை. மாதேஸ்வரின்னு பேரு. அவ பரீட்சை எழுதணுமா வேணாமாங்கறதுதான் விஷயம். வேற ஒண்ணுமே இல்ல.

மொதல்ல உங்களுக்கு ஒண்ணு புரியணும் சார். ஹிஸ்டரி குரூப்புக்கு யாரு வர்றாங்க? கணக்கு வராதவன், சயின்ஸ் கெடைக்காதவன், காமர்ஸ்ல இடம் இல்லாதவன். எல்லாம் வடிகட்டி மிச்சம் நிக்கறது எங்க கிட்ட. இந்த வருஷம் முப்பத்தி நாலு உருப்படி. அதை வெச்சுக்கிட்டு நூத்துக்கு நூறு காட்டணும்.

காட்டலைன்னா என்ன ஆவும்னு கேளுங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு பையன் ஃபெயிலு. ரிவியூ மீட்டிங் வெச்சாங்க. இருநூறு வாத்தியாரு உக்காந்திருக்கற ஹாலு. அப்ப இருந்த அதிகாரி மைக்குல என் பேரைச் சொல்லி எழுப்பினாரு. "ஹிஸ்டரியில கூட ஃபெயிலா? உங்களுக்கு மொதல்ல ஹிஸ்டரி தெரியுமா?"ன்னாரு. ஹாலே சிரிச்சுது. கூட்டம் முடியற வரைக்கும் நில்லுங்கன்னுட்டாரு. ரெண்டு மணி நேரம் நின்னேன் சார். நாப்பத்தாறு வயசு எனக்கு அப்போ. பக்கத்துச் சீட்டுல உக்காந்திருந்தவன் என் கிட்டப் படிச்ச பையன், அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். வீட்டுக்கு வந்தா சோறு எறங்கல. செத்தாலும் இனிமே அந்த ஹால்ல எந்திரிச்சு நிக்க மாட்டேன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

அதுக்கப்பறம்தான் என் மெத்தடு உருவாச்சு. அஞ்சு மார்க்குக் கேள்வின்னா ஆறு பாயிண்ட்டு. கைடுல கோடு போட்டுக் குடுத்துடுவேன். எல்லாரும் எழுந்து நின்னு கோரஸாச் சொல்லணும். பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆறு பாயிண்ட்டு, ரஷ்யப் புரட்சிக்கு ஆறு பாயிண்ட்டு. எந்தப் புரட்சியா இருந்தாலும் என் கிட்ட ஆறுதான். அப்பறம் பரீட்சை டெக்னிக்கு. பெரிய கேள்வியை மொதல்ல முடி. ஒரு மார்க்குக் கேள்வி இருபதும் கடைசி அரை மணி நேரத்துக்கு. மொதல்லயே அதுல கைய வெச்சா, இதுவா அதுவான்னு யோசிச்சே நேரம் போயிடும். முப்பது வருஷ அனுபவம் சார் இது. ஆனா நம்ம புள்ளைங்க எங்க கேக்குதுங்க? சொல்லச் சொல்ல ஒரு மார்க்குலதான் போயி விழும்.

இந்த மாதேஸ்வரி கஞ்சிக்கொட்டாயிலேர்ந்து வர்றவ. ஸ்கூல்லேர்ந்து பதினாறு கிலோமீட்டரு. அந்த ஊருலேர்ந்து ப்ளஸ் டூவுக்கு வந்தவ அவ ஒருத்திதான். அம்மா இல்ல. அப்பன் சின்னப்பையன் குவாரியில கல்லு ஒடைக்கறான். பொண்ணு ஒல்லியா, வாயே தொறக்காம, மூணாவது பெஞ்சுல செவுத்தோரமா உக்காந்திருக்கும்.

வாய் தொறக்காதுன்னா, ஒரே ஒரு தரம் தொறந்துச்சு. ஜூலை மாசம். பஞ்சம் வருது பாருங்க மொதப் பாடத்துல, தாது வருஷப் பஞ்சம், அதை நடத்திக்கிட்டிருக்கேன். ஆறு பாயிண்ட்டுல நாலாவது பாயிண்ட்டுல இருக்கோம். திடீர்னு எழுந்து நிக்கறா. "சார், எங்க ஊருல அந்தப் பஞ்சத்துல கஞ்சி ஊத்தினாங்களாம் சார். அதனாலதான் சார் ஊருக்கே அந்தப் பேரு"ங்கறா. இது ஷகிலா டீச்சர் பண்ணின வேலை. ப்ளஸ் ஒன்ல நடுகல்லு பாக்கக் கூட்டிட்டுப் போறது, உங்க ஊருக்கு ஏன் இந்தப் பேரு வந்துச்சுன்னு வீடு வீடாக் கேட்டு எழுதிட்டு வான்னு சொல்றது. இந்தப் பொண்ணு ஒம்போது பக்கம் எழுதிக் குடுத்திருக்கா போல. நான் கேட்டேன், "அது பரீட்சைக்கு வருமா?" கைடைப் பாத்தா. "வராது. உக்காரு. அஞ்சாவது பாயிண்ட்டு என்ன?"ன்னேன். உக்காந்துட்டா. திட்டல சார். ஒரு வார்த்தை திட்டல.

செப்டம்பர்ல காலாண்டு வந்துச்சு. எங்க ஸ்கூல்ல இடம் பத்தாது. காலையில பத்தாவது எழுதும், மத்தியானம் ரெண்டு மணிக்கு ப்ளஸ் டூ. படிச்சுப் பாக்கற கால் மணி நேரமும் சேத்தா அஞ்சே காலுக்குத்தான் முடியும். நான்தான் அந்த ஹால்ல சூப்பர்வைசரு. நாலு பத்துக்கு மாதேஸ்வரி டக்குன்னு எழுந்தா. பேப்பரைக் கட்டி என் கையில குடுத்தா. பையை எடுத்துக்கிட்டு ஓடினா. நடக்கல சார், ஓடினா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு! எழுத ஒண்ணுமில்ல போலிருக்குன்னு நெனச்சேன். வாங்கிப் பாத்தா, ஒரு மார்க்குப் பகுதி அப்படியே காலி. ரெண்டு மார்க்கும் காலி. பெரிய கேள்வி நாலை மட்டும் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கா, அதுலயும் பாயிண்ட்டுக்கு நம்பர் போடல. பதினாலு மார்க்கு. அதுக்கு முன்னாடி வெச்ச டெஸ்டுலயும் இதே கதைதான், நாலு பத்துக்கு ஓட்டம். நீங்களே சொல்லுங்க, இப்படி ஒரு புள்ளையைப் பத்தி வாத்தியாரு என்ன நெனப்பான்?

அக்டோபர்ல நாமினல் ரோல். அது உங்களுக்குத் தெரியாது. பப்ளிக் எழுதப் போற புள்ளைங்க பேரையெல்லாம் ஒரு லிஸ்டு போட்டு மேல அனுப்பணும். அதுல பேரு இருந்தாத்தான் ஹால் டிக்கெட்டு. இல்லைன்னா அந்த வருஷம் பரீட்சையே கெடையாது. அது போறதுக்கு முன்னாடி எங்க ஹெச்.எம். வையாபுரி சார் ஒவ்வொரு டிபார்ட்மெண்டாக் கூப்புட்டு, "உங்க கிட்ட எத்தனை டவுட்டு?"ன்னு கேப்பாரு. பாஸாகுமான்னு டவுட்டு இருக்கற புள்ளைங்க பேரைக் குடுக்கணும். குடுத்தவங்களே அந்த வீட்டுக்குப் போயி, குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பை நிறுத்திக்கொள்கிறோம்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடணும்.

என்ன சார், அப்படிப் பாக்கறீங்க? எங்க ஸ்கூல்ல எல்லாரும் செய்யறதுதான். கணக்கு டிபார்ட்மெண்டு வருஷத்துக்கு அஞ்சு பேரு. நான் ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. பத்து வருஷத்துல பதிமூணு பேரோ பதினாலு பேரோ இருக்கும். பேரா? பேரெல்லாம் எங்க சார் ஞாபகம் இருக்கு? பானிபட் யுத்தம் மூணுக்கும் வருஷம் கேளுங்க, கண்ண மூடிக்கிட்டுச் சொல்றேன்.

ஒரு ஞாயித்துக்கெழமை வண்டியை எடுத்துக்கிட்டு கஞ்சிக்கொட்டாய் போனேன். வெறுங்கையோட போகல, பிஸ்கட்டு பாக்கெட்டு வாங்கிட்டுத்தான் போனேன். சின்னப்பையன் பதறிட்டான். "வாத்தியாரு நம்மூட்டுக்கு வந்திருக்காரு"ன்னு பக்கத்து வீட்டுல போயி நாற்காலி வாங்கிட்டு வந்தான். கையில கலர் பாட்டிலைக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே இருந்தான், எவ்வளவு சொல்லியும் உக்காரல. பக்குவமாத்தான் எடுத்துச் சொன்னேன். "சின்னப்பையா, ஃபெயில்னு மார்க் ஷீட்டுல ஒரு தரம் விழுந்துட்டா ஆயுசுக்கும் நிக்கும். இந்த வருஷம் விட்டுடலாம். அடுத்த வருஷம் நல்லாப் படிச்சுட்டு எழுதட்டும்." அவன் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "நீங்க சொன்னா சரிங்க சார், எனக்கென்னங்க தெரியும்"னான். லெட்டரை நானே எழுதிட்டுப் போயிருந்தேன். பாவம், அவன் எங்க போயி எழுதுவான்? கையெழுத்து மட்டும் போட்டான்.

பொண்ணு கதவோரமா நின்னுக்கிட்டிருந்தா. அப்பன் கையெழுத்துப் போடற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துட்டு, "சார், பப்ளிக்கு காலையிலதானே சார்?"னு கேட்டா.

பாருங்க, கேக்க வேண்டியது எவ்வளவு இருக்கு, இவ கேட்டது இது. "ஆமா, காலையில பத்து மணிக்கு. காலையில எழுதினா என்ன, மத்தியானம் எழுதினா என்ன? தெரியாதது தெரியாததுதானே?"ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அப்பனும் சிரிச்சான். அவ உள்ள போயிட்டா. எனக்கு அன்னிக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு சார், பொய் சொல்ல மாட்டேன்.

திங்கக்கெழமை பாத்தா யூனிபார்ம் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு வந்து நிக்கறா! அட்டெண்டென்ஸுல பேரு கெடையாது. ஷகிலா டீச்சர் கூட்டிட்டுப் போயி ப்ளஸ் ஒன் கிளாஸுல கடைசி பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. மூணு நாள் கழிச்சு எங்க ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினாங்க. "சார், அவ பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னாங்க. எனக்கு எதுக்கு அது? "நாலு இருபது. அதை விட்டா ஏழரைக்குத்தான் அடுத்த பஸ்ஸு. எறங்கி குவாரி ரோட்டுல மூணு கிலோமீட்டர் அந்தப் புள்ள தனியா இருட்டுல நடக்கணும். உங்க பரீட்சை முடியறது அஞ்சே காலுக்கு. பெரிய கேள்வியை மொதல்ல எழுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதைக் கேட்டு நடந்தவ அவ ஒருத்திதான். ஒரு மார்க்குக்கு வர்றதுக்குள்ள அவளுக்கு பஸ் வந்துடுது."

"அவ சொல்லவே இல்லையே"ன்னேன்.

"நீங்க கேட்டீங்களா?"ன்னாங்க.

இது என்ன கேள்வி சார்? முப்பத்தி நாலு புள்ளைங்களுக்கும் பஸ் டைமு கேட்டுக்கிட்டிருக்க முடியுமா? நாலு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நானே ஒரு மணிக்கே கேள்வித்தாள் குடுத்திருக்க மாட்டேனா?

லெட்டரைக் கிழிச்சிடுங்க, பேரை ஏத்துங்கன்னு சொன்னாங்க. லிஸ்டு போயாச்சு டீச்சர்னேன். அதுல திருத்தம் பண்ண ஒரு வாரம் டைம் இருந்துச்சு, அது வேற விஷயம். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க சார். ஆறு வருஷத்துல எனக்கு அவங்க கும்பிடு போட்டதே கெடையாது. நான் யோசிச்சுப் பாக்கறேன்னு சொன்னேன். யோசிக்கவும் செஞ்சேன். ஏத்திடலாம்னு ரெண்டு தரம் ஹெச்.எம். ரூம் வாசல் வரைக்கும் போனேன். ஒருவேளை ஃபெயிலாயிட்டா? அந்த மைக்கு, அந்த ஹாலு, அந்தச் சிரிப்பு. ஒம்போது வருஷம் முடிஞ்சு இது பத்தாவது வருஷம். பயந்துட்டேன் சார். பயம்னுதான் சொல்லணும். அந்த ஒரு வாரமும் போயிடுச்சு.

ப்ளஸ் ஒன் கிளாஸுல பதிவில்லாத புள்ளை உக்காந்திருந்தா பிரச்சினைன்னு ஹெச்.எம். சொல்லவே, அவ வர்றதும் நின்னு போச்சு.

தை மாசம் சின்னப்பையன் பத்திரிகையோட வந்தான். கல்யாணமாம். "நீங்க அன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சுங்க சார். படிப்பும் இல்ல, ஊட்டுலயே எத்தனை நாளைக்கு வெச்சிருக்கறது"ன்னான். மாப்பிள்ளை செங்கல் சூளையில லோடு ஏத்தறவன். பொண்ணுக்குப் பதினேழுதான் ஆவுது. ஷகிலா டீச்சர், ஆபீசருங்களுக்குப் போன் பண்ணி நிறுத்திடலாம்னு குதிச்சாங்க. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னேன். ஆபீசருங்க வந்தா, படிப்பை ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. லெட்டரை எடுப்பாங்க. அதை எழுதினது யாருன்னு பாப்பாங்க. ஒரு குடும்பத்துக்கு எதுக்குச் சார் அவ்வளவு அலைச்சல்?

நான் வேற வழியில முயற்சி பண்ணேன். சின்னப்பையனுக்கு நானே போன் போட்டு, "இந்த மாதிரி ஆபீசருங்க வந்தாலும் வருவாங்க, பாத்துக்கோ"ன்னு சொன்னேன். பயந்துக்கிட்டுக் கல்யாணத்தை நிறுத்திடுவான்னுதான் சொன்னேன். அவன் ரெண்டு நாள் முன்னாடியே மாப்பிள்ளை ஊருக் கோயில்ல வெச்சுத் தாலி கட்ட வெச்சுட்டான். ஷகிலா டீச்சர் போன் பண்ணி ஆளுங்க போய்ப் பாத்தப்போ வாழை மரம் மட்டும்தான் நின்னுச்சாம். யாரு முன்கூட்டிச் சொன்னதுன்னு அந்தம்மா என் கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

மார்ச்சுல ஹிஸ்டரி பரீட்சை. அன்னிக்கு ஹிஸ்டரி வாத்தியாருங்களுக்கு ஹால் டியூட்டி குடுக்க மாட்டாங்க. புள்ளைங்களுக்குத் தைரியம் சொல்லலாம்னு கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். ஒம்போதரைக்கு கஞ்சிக்கொட்டாய் பஸ்ஸுலேர்ந்து மாதேஸ்வரி எறங்கறா, அப்பன் வீட்டுக்கு வந்திருந்தா போல. அதே யூனிபார்மு. ரெட்டைச் சடை. கையில பேனா, ஸ்கேலு. காலருக்குள்ள மஞ்சக் கயிறு தெரியுது. "ஏம்மா வந்தே?"ன்னேன். "சும்மாதான் சார்"ன்னா. மத்த புள்ளைங்க உள்ள போறதைப் பாத்துக்கிட்டே நின்னா. பெல் அடிச்சதும் எதிர்ல இருக்கற பஸ் ஸ்டாப்பு நிழற்கொடையில போயி உக்காந்துட்டா.

ஒண்ணே காலுக்குப் பரீட்சை முடிஞ்சுது. வெளிய வந்த ஒரு புள்ளை கிட்டக் கேள்வித்தாளை வாங்கினா. பையிலேர்ந்து வெள்ளைத்தாளை எடுத்து மடியில அட்டையை வெச்சு எழுத ஆரம்பிச்சுட்டா. ஷகிலா டீச்சர் பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டாங்க, வாட்சைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு. நான் டீக்கடையிலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். வெயிலு அப்படி அடிக்குது. பஸ்ஸு வருது, போவுது, ஜனங்க ஏறுது, எறங்குது. அவ தலையைத் தூக்கல. நாலு இருபதுக்கு அவ பஸ்ஸு வந்துச்சு. எழுந்தா, தாளை நூலு போட்டுக் கட்டினா, டீச்சர் கையில குடுத்தா, ஏறிட்டா. கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா மூணு மணி நேரம்.

அந்தம்மா ரோட்டைத் தாண்டி வந்து என் டீ கிளாஸு பக்கத்துல அந்தத் தாள்கட்டை வெச்சாங்க. "ஆன்சர் கீ வெச்சே திருத்துங்க சார்"னாங்க.

திருத்தல சார். பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ரிசல்ட்டு வந்துச்சு. முப்பத்தி மூணு பேரு எழுதி முப்பத்தி மூணும் பாஸு. ஸ்கூல்ல பட்டாசு வெடிச்சாங்க, ஹெச்.எம். எனக்குச் சால்வை போட்டாரு. அந்தச் சால்வையோடவே ரூமுக்கு வந்து பீரோவைத் தொறந்தேன். எனக்கே தெரியல ஏன்னு. செவப்புப் பேனாவை எடுத்தேன்.

மொதப் பக்கத்துல பரீட்சைத்தாள் மாதிரியே கட்டம் போட்டிருக்கா. ரெஜிஸ்டர் நம்பர்னு எழுதி, கட்டத்தை மட்டும் காலியா விட்டிருக்கா. உள்ள ஒரு மார்க்கு இருபதுல பதினெட்டு சரி. பாயிண்ட்டுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கா. பஞ்சம் பத்தின கேள்வி இந்த வருஷம் வந்திருந்துச்சு. ஆறு பாயிண்ட்டும் வரிசையா எழுதியிருக்கா, நான் சொல்லிக் குடுத்த அதே வார்த்தையில. அதுக்குக் கீழ ஏழுன்னு நம்பர் போட்டு இப்படி எழுதியிருக்கா: 'எங்கள் ஊரில் கஞ்சி ஊற்றியவர்கள் முதலில் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டார்கள். பெயர் எழுதப்படாதவர்களுக்குக் கஞ்சி கிடைக்கவில்லை. அவர்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து செத்துப்போனார்கள். இப்போது எங்கள் ஊரில் இருப்பவர்கள் பெயர் எழுதப்பட்டவர்களின் பிள்ளைகள்.'

இது கைடுல இல்ல, புத்தகத்துலயும் இல்ல. ஏழாவது பாயிண்ட்டுக்கு கீயில இடம் கெடையாது. அடிச்சுட்டேன். அடிக்கும்போது பேனா தாளைக் கிழிச்சுடுச்சு.

அப்பத்தான் ஷகிலா டீச்சர் உள்ள வந்தாங்க. "எவ்வளவு வந்துச்சு சார்?"னு கேட்டாங்க. செவப்புப் பேனா கையில இருக்கு, தாளு முன்னாடி விரிச்சுக் கெடக்கு. "இன்னும் பாக்கல டீச்சர்"னேன். அந்தம்மா கிழிஞ்ச தாளைப் பாத்தாங்க. திரும்பி நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போயி, அவங்க பேரை அடிக்கச் சொல்லிட்டாங்க.

இதுதான் சார் நடந்தது. அந்தப் பொண்ணா? சூளையில செங்கல்லு அடுக்கறாளாம். மாசமா வேற இருக்காளாம். இனிமே போயி மார்க்கைச் சொல்லி என்ன ஆவப் போவுது? அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

பையில இருக்கறது அதுதான். வீட்டுல வெச்சா சம்சாரம் என்ன ஏதுன்னு கேக்கறா. ஸ்கூல்ல வெச்சா அந்தம்மா அந்த பீரோவையே பாத்துக்கிட்டிருக்காங்க. தூக்கிப் போடவும் கை வரல. அதான் போற எடமெல்லாம் எடுத்துக்கிட்டே போறேன்.

மார்க்கா? அறுபத்தி மூணு சார். தொண்ணூறுக்கு. இருக்கறதுலயே கஞ்சத்தனமாத் திருத்தினேன், அரை மார்க்கு அரை மார்க்கா வெட்டினேன். அப்பவும் அறுபத்தி மூணு. என் முப்பத்தி மூணுல பாதிப் பேரு அம்பதைத் தாண்டல.

இந்தாங்க, புடிங்க. பரவால்ல, புடிங்க சார். நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. உள்ள ஒண்ணும் படிக்க வேணாம், ஓரத்துல செவப்புல போட்டிருக்கற மார்க்கை மட்டும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க. நான் நாலு தரம் கூட்டிட்டேன். என் கூட்டல்ல எங்கயாவது தப்பு இருக்கும் சார். இருக்கணும். ஸ்டாப்பு வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, அவசரமில்லாம மெதுவாவே கூட்டுங்க.